வாசகர் கேள்வி பதில்: எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்ளையாக விடப்பட்ட வரைபடம்

மழைக்காலத்துக்கு முன் ஊர்களில் செய்ய வேண்டிய பணிகளைப் பற்றி எழுதும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒட்டிக் கிடக்கும் எல்லைப் பகுதிகளிலிருந்தே வந்துள்ளன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அண்டை நகராட்சிகள் சேர்ந்து திட்டமிடுவது என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அய்யா, எங்கள் தெரு தமிழ்நாட்டில் இருக்கிறது, தெருமுனையைத் தாண்டினால் புதுச்சேரி. ஃபெஞ்சல் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் முறையிட்டால், வடிகால் அந்தப் பக்கத்தில்தான் அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். அந்தப் பக்கம் போனால், உங்கள் ஊர்த் தண்ணீரை நாங்கள் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே வடிகாலாகக் கட்டினால் என்ன? (ஊர்ப் பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட குடும்பத்தலைவி)

பதில்: அம்மா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அது நடக்காமல் இருப்பதற்கு யாருடைய மனக்கசப்பையும் விடப் பெரிய காரணம், இரண்டு பக்கமும் தனித்தனிச் சட்டங்களின்படி தனித்தனி வரைபடங்களை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான்.

புதுச்சேரிப் பகுதி 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம். அதுவும் ஒரே துண்டாக இல்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரியும். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கிராமங்களாகப் பெற்ற நிலம், 1954 நவம்பர் 1ஆம் தேதி அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது அப்படியே சிதறிய நிலையில் நம் கைக்கு வந்தது. அன்று எல்லைகளுக்கு இடையே வயலும் பனந்தோப்பும் இருந்தன. இன்று முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு நடந்து போகிறவருக்கு எங்கே ஒரு நகராட்சி முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடுகள் நெருங்கிவிட்டன. கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டதே அந்த வளர்ச்சியின் விளைவுதான்.

ஆனால் சட்டங்கள் நெருங்கி வரவில்லை. புதுச்சேரியில் நகரமைப்புக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமும் நகராட்சிகளுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, மாவட்டத் திட்டக்குழு என்ற அமைப்பைப் பிரிவு 243இசட்டி கொண்டுவந்தது. நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான நிலத் திட்டமிடல், நீர்ப்பங்கீடு, உள்கட்டமைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது அச்சாக அதுதான். ஆனால் அந்தக் குழுவின் பார்வை மாவட்ட எல்லைக்குள் நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் குழு விழுப்புரத்தைப் பார்க்கும். உங்கள் தெருமுனைக்கு அப்பால் இருப்பது அதன் பொறுப்பில் இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எல்லையோர ஊர் ஒன்றின் மழைநீர் வடிகால் வரைபடம் பார்வைக்குக் கிடைத்தது. தெருக்கள், சிறுபாலங்கள், ஒரு கோயில் குளம், ஒரு பெரிய வேப்பமரம் வரை குறித்திருந்தார்கள். வாய்க்காலின் நீலக்கோடு வளைந்து வந்து எல்லைக்கோட்டைத் தொட்ட இடத்தில் நின்றது. அதற்கப்பால் தாள் வெறும் வெள்ளை. கோட்டின் நுனியில் யாரோ பென்சிலால் ஓர் அம்புக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தபோது, இந்தப் பக்கத்து வடிகாலின் தளத்தை விட அந்தப் பக்கத்து வடிகாலின் தளம் ஒரு சாண் உயரமாக இருந்தது. இரண்டும் நல்ல கான்கிரீட். இரண்டும் அவரவர் மதிப்பீட்டின்படி ஒழுங்காகக் கட்டப்பட்டவை. நடுவில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. அடைப்பு எதுவும் இல்லை, அம்மா. வாரி எடுக்க எத்தனை முறை ஆள் அனுப்பினாலும் அந்த ஒரு சாண் உயரம் அங்கேயே இருக்கும்.

ஆகவே ஒரே வடிகாலாகக் கட்டச் சொல்வதற்கு முன் இரண்டு பக்கத்துப் பொறியாளர்களையும் ஒரே மட்டக்கருவியோடு அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரண்டு ஆணையர்களின் கையெழுத்து போதும்.

கேள்வி: பாகூரில் எனக்கு மூன்று காணி நிலம். சாத்தனூர் அணையைத் திறந்ததால் வெள்ளம் வந்தது என்றார்கள். அணை திறப்பதற்கும் நகரமைப்புத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு? (ஒரு விவசாயி)

பதில்: நேரடித் தொடர்பு இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அந்த மழையே வடியாத நிலையில், டிசம்பர் 2 அதிகாலை திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. ஆற்றின் தென்கரையில் கடலூரின் குடியிருப்புகளும் வடகரையில் பாகூர் கொம்யூனின் (புதுச்சேரியில் பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சிக்கு இந்தப் பெயர்) சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்ற ஊர்களும் ஒரே வெள்ளத்தில் மூழ்கின. ஓர் ஆறு, இரண்டு கரை, இரண்டு அரசு.

இப்படிப்பட்ட ஆற்றில் ஒரு கரையை மட்டும் உயர்த்தினால், அங்கே ஏற முடியாத தண்ணீர் எதிர்க்கரைக்குப் போகும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இரண்டு பக்கத்திலும் கரையை உயர்த்தக் கோரிக்கை எழுவது இயல்பு. பாதிக்கப்பட்டவர் வேறென்ன கேட்பார்? ஆனால் எந்தக் கரை எவ்வளவு உயரம், எந்த இடத்தில் ஆறு பரவுவதற்கு நிலம் விட வேண்டும் என்பதை இரு பக்கமும் சேர்ந்து முடிவு செய்யாவிட்டால், ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் வெள்ளமாகிவிடும். நகரமைப்பின் வேலை இங்கேதான் வருகிறது. கடலூர் சாலையில் போகும்போது விளம்பரப் பலகைகளைப் பாருங்கள்: ஒரு பக்கம் 'டிடிசிபி அப்ரூவ்டு' (தமிழ்நாட்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல்), மறுபக்கம் 'பிபிஏ அப்ரூவ்டு' (புதுச்சேரித் திட்டக் குழுமத்தின் ஒப்புதல்). இரண்டு பலகைகளுக்குக் கீழேயும் பள்ள நிலத்தில் செம்மண் கொட்டி மேடாக்குகிறார்கள். ஒவ்வொரு மனைப்பிரிவும் அதனதன் விதிகளின்படி சரியாகவே இருக்கலாம். ஆற்றுக்கு மிச்சமாகும் இடத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் மேசை ஒன்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இல்லை.

உங்கள் ஊர் ஏரியே இதற்கு எதிர்மாறான சான்று. பாகூர் ஏரிக்கு நீர் தரும் பங்காரு வாய்க்கால் தமிழ்நாட்டில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு வருகிறது. அதுபோலவே விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையின் பாசனத்தில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன; அணை திறக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் போகிறது. பாசன நீரை எல்லை தாண்டிப் பங்கிடத் தெரிந்த நமக்கு வெள்ள நீரைப் பங்கிடத் தெரியாமல் போகக் காரணம் இல்லை. பாசன நீருக்கு இரு பக்கமும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வெள்ள நீருக்கு யாரும் உரிமை கோருவதில்லை. ஆகவே அதற்கு மட்டும் கணக்கு எழுதப்படாமல் போயிற்று.

கேள்வி: கடலில் தெண்டி வெள்ளம் மணலை வடக்கே கொண்டு போகும் என்று எங்கள் தாத்தா சொல்வார். இப்போது எங்கள் குப்பத்தில் படகு ஏற்றக்கூட மணல் இல்லை. கல் கொட்டுவதே தீர்வா? (புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்து இளைஞர்)

பதில்: உங்கள் தாத்தா சொன்னதைத்தான் கடலோரப் பொறியாளர்களும் சொல்கிறார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஓரளவு திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவற்றின் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் கடற்கரை கரைந்து போனது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் கரை நின்றது. கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கும் கல் கொட்டினார்கள். இப்படியே அரிப்பு மாநில எல்லையைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை நடந்து போய்விட்டது.

ஒரு நிர்வாகத்தின் எல்லைக்குள் எடுத்த முடிவின் விலையை அடுத்த நிர்வாகத்தின் மக்கள் கொடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பகுதியில் இல்லை என்றே நினைக்கிறேன், இதை எழுதும்போது மனம் கனக்கிறது. வலை காய வைத்த இடம், கருவாடு உலர்த்திய இடம், பிள்ளைகள் விளையாடிய இடம் எல்லாம் கடலுக்குள் போனபோது, அந்தக் கிராமத்தார் முறையிட்ட அலுவலகத்துக்குத் துறைமுகத்தின் மீது எந்த அதிகாரமும் இல்லை. துறைமுகம் இருந்த பக்கத்து அலுவலகத்துக்கு இவர்கள் குடிமக்கள் அல்லர்.

கல் மட்டும் தீர்வல்ல. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டத்தின்படி புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. காந்தி சிலைக்கு அருகே பல ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த மணற்கரை திரும்பி வந்தது. தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொண்டுசேர்ப்பதும் பழைய யோசனைதான். ஆனால் அப்படிச் சேர்க்கும் மணல் புதுச்சேரி எல்லையிலேயே நின்றுவிடக் கூடாது. முகத்துவாரம் தொடங்கி உங்கள் குப்பங்கள் வரை ஒரே கரையாகக் கருதி, ஒரே கணக்கில், ஒரே ஒப்பந்தத்தில் அந்த வேலை நடக்க வேண்டும். தூண்டில் வளைவு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) கேட்டுப் போராடுகிறவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் ஊருக்கு மட்டும் போடும் தூண்டில் வளைவு, நாளை உங்களுக்கு வடக்கே உள்ள குப்பத்தாருக்கு அலைதடுப்புச் சுவராகிவிடும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கோரிக்கை வையுங்கள்.

கேள்வி: புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே? (கடலூர் வாசகர்)

பதில்: 1956இல் பிரான்சோடு கையெழுத்தான ஒப்பந்தம், இப்பகுதியின் தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. அதை ஒதுக்கி வைத்தாலும், ஒரே மாநிலத்துக்குள் அருகருகே இருக்கும் நகராட்சிகளிலும் குப்பைக் கிடங்கு யார் பக்கம் என்ற சண்டை நடந்துகொண்டுதானே இருக்கிறது?

கேள்வி: பொறியியல் மாணவன் நான். எல்லை தாண்டி நகராட்சிகள் சேர்ந்து திட்டமிட்ட உதாரணங்கள் உண்டா? (கடலூர்)

பதில்: உண்டு. நம் நாட்டில் பெரியது தேசியத் தலைநகர் வட்டாரம். நிலமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் பொறுப்பு என்பதால், அரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலச் சட்டமன்றங்களும் அரசமைப்பின் பிரிவு 252இன்படி தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பிறகே, 1985இல் நாடாளுமன்றம் அதற்கான திட்டக்குழுச் சட்டத்தை இயற்றியது. வழி இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு தெருவின் வடிகாலுக்கு அவ்வளவு பெரிய அமைப்பு பொருந்தாது.

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது வேறோர் உதாரணம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்கும் ஜெர்மனியின் கேல் நகரத்துக்கும் நடுவே ரைன் ஆறு ஓடுகிறது. இரண்டு பெரும் போர்களில் எதிரெதிராக நின்ற நாடுகள் அவை. 1996இல் பிரான்சு, ஜெர்மனி, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் கார்ல்ஸ்ரூ நகரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. எல்லையோர உள்ளாட்சிகள் தமக்கு அதிகாரம் உள்ள பொருள்களில் தாமே ஒன்றோடொன்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். 2017இல் ஸ்ட்ராஸ்பூரின் டிராம் வண்டி ஆற்றைக் கடந்து கேல் நகரத்துக்குள் போனது. நாட்டெல்லை இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. புதுச்சேரியின் கொம்யூன்கள் 1880 மார்ச் 12ஆம் தேதியிட்ட பிரெஞ்சு ஆணையால் உருவானவை. அந்த முறை பிறந்த பிரான்சிலேயே ஆயிரக்கணக்கான சிறு கொம்யூன்கள் பெரிய பணிகளைத் தனித்தனியே செய்ய முடியாமல் திண்டாடியதால், பத்தே ஆண்டுகளில், 1890இல், பல கொம்யூன்கள் கூடி ஒரு பணிக்கென ஒரு பொது அமைப்பை ஏற்படுத்திக்கொள்ளச் சட்டம் வந்தது. நமக்கு கொம்யூன் வந்தது. அவற்றைக் கூட்டிச் சேர்க்கும் பழக்கம் வந்து சேரவில்லை. உங்கள் ஆய்வேட்டுக்கு நல்ல பொருள் இது, தம்பி.

கேள்வி: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். பேருந்து வழித்தடங்களையும் சேர்ந்து திட்டமிட முடியாதா? (ஒரு செவிலியர்)

பதில்: முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 88 இரு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வழி தருகிறது. மற்றப் பொருள்களை விட இங்கே பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது என்பதால் சுருக்கமாக விடுகிறேன்.

கேள்வி: எல்லையோர ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். மேலிடம் செய்யட்டும் என்று காத்திராமல் நாங்களே தொடங்கக் கூடியது என்ன?

பதில்: மேலிடத்தில் ஓர் இடம் இருக்கிறது: 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அமைந்த தென்மண்டலக் கவுன்சிலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உறுப்பினர்கள். பெண்ணையாற்றுக் கரையும் கடலரிப்பும் அங்கே போக வேண்டிய பொருள்கள். ஆனால் உங்கள் வார்டின் சிறுபாலத்தை ஒன்றிய உள்துறை அமைச்சரின் தலைமையில் கூடும் கூட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது.

கீழே ஒரு தடை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கடலூர் மாநகராட்சிக்கும் கோட்டக்குப்பம் நகராட்சிக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றங்கள் அமைந்தன. புதுச்சேரியிலோ 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்த பின் ஆண்டுக்கணக்காக அதிகாரிகளே நகராட்சிகளையும் கொம்யூன்களையும் நடத்தி வந்தார்கள். மன்றம் இல்லாத ஊரோடு மன்றமுள்ள ஊர் பேசுவது எளிதல்ல. ஆணையர் மாறினால் பேச்சும் மாறிவிடும். அதனால்தான் வாய்மொழி உறுதியை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன். எழுதிய கடிதத்துக்கு அடுத்து வரும் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அது புறப்படும் ஏரியிலிருந்து கடலில் அல்லது ஆற்றில் விழும் இடம் வரை, எல்லையைப் பாராமல், இரு பக்கத்து உறுப்பினர்களும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து நடந்து போங்கள். புரட்டாசிக்கு முன்பே நடந்துவிடுங்கள்; ஐப்பசியில் நடக்க இடம் இருக்காது. ஒவ்வொரு சிறுபாலத்தின் தளமும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, பாலத்தின் பக்கச் சுவரில் வண்ணத்தில் எழுதச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே அளவுமுறையில் எழுத வேண்டும். எண்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் குறைந்துகொண்டே வர வேண்டும். எந்தப் பாலத்தில் திடீரென்று கூடுகிறதோ அதை ஒளிப்படம் எடுத்து, இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மனுவாக, ஒரே நாளில் கொடுங்கள். இரு ஊர்க் கையெழுத்துகளும் அந்த ஒரே தாளில் இருக்கட்டும்.